கடைசித் துளியையும் வடிப்பவர்

வாசலில் விழும் பனியை அள்ளி வீசும் மெசின் ஒன்றை, ஒரு ஸ்னோபுளோவரை, கோடைக்கு எடுத்து வைக்க அவர் பதினான்கு வேலைகள் செய்வார். நான் எண்ணியிருக்கிறேன். ஏழு வருடம், வருடத்துக்கு ஒரு தரம், என் கராஜ் வாசலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். ஒரு வருடமும் அது பதின்மூன்றானதில்லை.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. கியூபெக்கின் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் தமிழர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். தெரிந்தவர்கள் இன்று அவரைப் பற்றிச் சொல்வது ஒரே ஒரு வசனம்தான். "நல்ல மனுசன், ஆனா கடைசியில கை பிழைச்சுப் போச்சு." இந்த வசனத்தை ஊருக்குள் விட்டவன் நான். அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மனைவி.

ஏப்ரல் நடுவில், தெருமூலையில் குவித்த பனி கறுத்துச் சுருங்கிக் கிடக்கும்போது, அவர் கருவிப் பையோடு வருவார். எனக்கு ஒவ்வொரு வருடமும் ஒரே பயம். "இன்னும் ஒரு பனி வந்தா என்ன செய்யிறது?" என்று கேட்பேன். "வந்தா வரட்டும், வாத்தியார். பனி அள்ள ஆளுக்கொரு சவள் இருக்குத்தானே" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடியும்.

முதலில் டாங்கிலுள்ள பெற்றோலைக் கைப்பம்பால் கானுக்குள் இறக்குவார். பிறகு மெசினை ஓடவிட்டு, குழாயிலும் காபரேற்றரிலும் மிஞ்சியிருப்பதை எரிந்து தீர விடுவார். மெசின் இருமும், உதறும், நிற்கும். நின்றுவிட்டது என்று அவர் உடனே நம்பமாட்டார். மூன்று தரம் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். பிறகு காபரேற்றரின் அடியிலிருக்கும் சின்னக் கிண்ணத்தின் ஆணியைத் தளர்த்தி, மிச்சத் துளிகளை ஒரு பழைய ரின்பால் தகரப் பேணியில் பிடிப்பார். அதற்குப் பிறகுதான் பிளக்கைக் கழற்றி எண்ணெய் விடுவது, பனி அள்ளும் சுருளில் ஒட்டிய தெரு உப்பைக் கழுவுவது, துரு கண்ட இடத்தில் பெயின்ற் தொடுவது எல்லாம். கடைசியாக ஒரு பழைய பருத்திப் படுக்கை விரிப்பால் மூடுவார். பிளாஸ்டிக் கூடாது, உள்ளே வியர்க்கும் என்பார்.

"உள்ளுக்க ஒண்டும் நிக்கக்கூடாது, வாத்தியார். நிண்டா பிசினாப் போகும். பேந்து மார்கழியில கயித்தை இழுத்து இழுத்து உங்கட தோள்தான் கழரும்."

மெசினுக்குச் சொன்னதைத்தான் தனக்கும் செய்துகொண்டார். அவருக்குள்ளும் ஒன்றும் நிற்காது. தேத்தண்ணியைக் குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து உதறுவார். நெஞ்சில் பட்டதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டு யோகண்ணை புது வீட்டுக்குக் குடிபூர விருந்து வைத்தபோது, அத்தனை பேர் நடுவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்து, "அண்ணை, இந்தச் சரிவு முழுப் பனியையும் வாசற்படியிலதான் கொட்டும். கட்டினவங்கள் வடிவாத்தான் ஏமாத்தியிருக்கிறாங்கள்" என்றார். யோகண்ணை அன்று பாயசம் பரிமாறிய கையோடு விறைத்து நின்றார். தை மாதம் பனி சொன்ன இடத்தில்தான் விழுந்தது. சரியாகச் சொன்னதை யோகண்ணை மன்னிக்கவில்லை.

அடுத்தவர் பிழையைச் சொல்கிறவர்கள் எங்களில் பலர் உண்டு. நானே இருபத்தேழு வருடம் கணித ஆசிரியனாக இருந்து அதைத்தான் செய்தேன். அவர் தன் பிழையையும் அதே வேகத்தில் சொல்வார். ஒருமுறை எங்களோடு இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் பாதிப் பிட்டில் கையை நிறுத்திவிட்டார். பின்தெருவில் ஒரு கியூபெக்காரக் கிழவரின் மெசினுக்கு அன்று பின்னேரம் பட்டி மாற்றிக் கொடுத்திருந்தார். அதை மாறிப் போட்டுவிட்டதாக இப்போதுதான் நினைவு வந்ததாம். கையைக் கழுவிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். கதவு திறந்ததும், தனக்குத் தெரிந்த அத்தனை பிரெஞ்சையும் கொட்டினார். "மா ஃபோத், மொசியூ, மா ஃபோத்." என் பிழை, என் பிழை என்று. கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பட்டி மாற்றிய மெசினைக் கிழவர் இன்னும் தொடக்கூட இல்லை.

திரும்பி வரும்போது கேட்டேன். "அந்தாளுக்குத் தெரியாதே. நாளைக்குப் பாக்கிறமாதிரிப் போய்ச் சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாமே?"

"எனக்குத் தெரியுமே, வாத்தியார்" என்றார்.

இதை நான் அப்போது ஒரு வெகுளித்தனமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பத்தொன்பது வருடம் துறைமுகப் பக்கத்துக் கிடங்கொன்றில் பாரம் தூக்கும் வண்டிகளைத் திருத்தியவர். முதுகு போய் வேலை நின்ற பிறகு அவருக்கென்று இருந்தது இந்த ஏப்ரல் வேலை ஒன்றுதான். கடைசி வருடத்தில் முப்பத்தொரு வீட்டு மெசின்கள். அந்த ஒரு மாதம் அவர் நிமிர்ந்து நடப்பார். "சித்திரை எண்டா நான் டொக்டர்" என்பார். "மனிசி சொல்லுது, மற்றப் பதினொரு மாதமும் நான்தானாம் நோயாளி."

எங்கள் மெசின் நான்கு வீட்டுக்குப் பொது. என் வீடு, யோகண்ணை வீடு, சென்னையிலிருந்து வந்த ஐ.டி. தம்பி ஒருவரின் வீடு, தெரு முடிவில் அவருடைய வீடு. என் கராஜில் இடம் இருந்ததால் மெசின் என்னிடம் நின்றது.

அந்த ஏழாவது வருடம் அவர் புதிதாக ஒரு கைப்பம்ப் வாங்கி வந்திருந்தார். டாங்கின் மூலைவரை போய் உறிஞ்சியது. கானில் இரண்டரை லீற்றர் இறங்கியது. மிச்சம் குறைவு என்பதால் மெசின் வழமைபோல ஆறு நிமிடம் ஓடவில்லை. நாலு நிமிடத்தில் நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூன்று இழுவை. பிறகு கிண்ணம். பேணியில் ஏழு துளி விழுந்தது. எட்டாவது விழவில்லை.

"கானில இருக்கிறதைக் காருக்கு விடுங்கோ. கராஜில வைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் வருடப்பிறப்பு. வருடப்பிறப்பில் வீட்டில் ஒரு ஏனமும் வெறுமையாக இருக்கக்கூடாது என்பது என் மனைவியின் சட்டம். அரிசி வாளி, உப்புப் போத்தல், சீனிப் போத்தல், தண்ணீர்க் குடம் எல்லாம் விளிம்புவரை நிரம்பியிருக்க வேண்டும். நான் படித்தவன், இதற்கெல்லாம் சிரிப்பேன். ஆனால் முதல் நாளே போய்க் காரின் டாங்கை நிரப்பி வந்தவனும் நான்தான். அதனால் கானில் இருந்த பெற்றோலுக்குக் காரில் இடமில்லை. காலையில் பதினொரு போத்தல்களை நிரப்பி முடித்துவிட்டுக் கராஜுக்குள் போனேன். ஒரு பக்கம் கான், மறுபக்கம் மெசினின் காலி டாங்க். வருடப்பிறப்பும் அதுவுமாகக் காலியாக ஒரு டாங்க் வீட்டுக்குள் நிற்கிறது. கான் கிடந்தால் நெருப்பு ஆபத்து. காலி டாங்க் உள்ளே துருப்பிடிக்கும் என்று எவரோ சொன்னதும் நினைவுக்கு வந்தது. மூன்று காரணம் சேர்ந்துவிட்டன. படுக்கை விரிப்பைத் தூக்கி, மூடியைத் திறந்து, முழுவதையும் ஊற்றினேன்.

மனைவி பொங்கல் தட்டோடு உள் கதவில் நின்று பார்த்தார். "அதையும் நிரப்பிப் போட்டியளோ?" என்று சிரித்தார். "இரண்டரை லீற்றர்" என்றேன், பெருமையாக.

கார்த்திகையில் புதுப் பெற்றோல் விடப்போனபோது டாங்கில் கொஞ்சம்தான் பிடித்தது. அப்போதாவது ஒரு சொல் அவரிடம் கேட்டிருக்கலாம். டாங்க் நிறைந்திருக்கிறது என்று திருப்திப்பட்டு மூடினேன்.

மார்கழியில் முதற் பெரிய பனி. விடிந்தபோது முழங்காலுக்கு மேல் நின்றது. போதாதென்று நகரசபை வண்டி தெருவை வழித்து, எங்கள் எல்லாருடைய வாசலிலும் இறுகிய பனிச்சுவரைக் கட்டிவிட்டுப் போயிருந்தது. யோகண்ணையின் மனைவிக்குக் கிழமையில் மூன்று நாள் டயலிசிஸ். அன்று எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஏழு மணிக்கு நானும் யோகண்ணையும் சென்னைத் தம்பியும் மாறி மாறிக் கயிற்றை இழுத்தோம். இருபத்திரண்டாவது இழுவையில் யோகண்ணை கயிற்றை எறிந்துவிட்டு அவருக்குப் போன் எடுத்தார்.

முதுகில் பட்டியைக் கட்டிக்கொண்டு, பனிக்குள் புதைந்து புதைந்து நடந்து வந்தார். கையுறையைக் கழற்றிக் கிண்ணத்தைத் திறந்தார். விரலை விட்டு எடுத்தபோது நுனியில் பச்சையாகப் பிசின். அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"பழைய பெற்றோல்" என்றார்.

"பழசு எப்பிடி வந்தது? நீதானே வடிச்சனி?" என்று யோகண்ணை கத்தினார். "என்ர மனிசி உள்ளுக்க கோட்டைப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். நீ ஊருக்கெல்லாம் நாட்டாமை சொல்லுற ஆள். உன்ர வேலை இதோ!"

அவர் யோகண்ணையிடமிருந்து திரும்பினார். என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. விசாரிப்பதுதான். "வாத்தியார், சித்திரைக்குப் பிறகு ஆரும் இதுக்குள்ள பெற்றோல் விட்டவையோ?"

மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். யோகண்ணையின் கண் சிவந்திருந்தது.

"இல்லையே" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் பொய். ஒருவேளை யாராவது சந்தேகப்பட்டுமிருப்பார்கள், மெசின் நின்றது என் கராஜில். ஆனால் எவரும் கேட்காமலே நான் மேலும் சொன்னேன். "நான் பக்கத்தில இருந்து மணி பாத்தனான். மற்ற வருசங்களில மெசின் ஆறு நிமிசம் ஓடித்தான் நிக்கிறது. இந்த முறை நாலு நிமிசத்திலயே நிண்டிட்டுது."

அது உண்மை. சுத்தமான உண்மை. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான பொய்யும் அதுதான். புதுப் பம்பைச் சொல்லவில்லை. மூன்று இழுவையைச் சொல்லவில்லை. ஏழு துளியைச் சொல்லவில்லை.

"சார் சொன்னா கரெக்டா இருக்கும்" என்றார் சென்னைத் தம்பி. "எங்க வீட்டுக்கு வந்தப்ப படிக்கட்டைக்கூட எண்ணிட்டுத்தான் மேல வந்தாரு."

"கேட்டியே? நாலு நிமிசம்!" என்றார் யோகண்ணை. "அடுத்த வீட்டுக்கு ஓடுற அவசரம்."

அவர் விரல் நுனியில் இருந்த பிசினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலிலயோ நிண்டது, வாத்தியார்?"

"நாலு."

"கிண்ணம் திறந்தனான் எண்டுதான் நினைக்கிறன்..." நெற்றியைப் புறங்கையால் தேய்த்தார். "அந்தக் கிழமை கன மெசின். வேற வீட்டில திறந்ததை இஞ்ச திறந்ததா நினைக்கிறனோ தெரியாது."

நான் என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எனக்குத் தந்த நேரம் ஒரு பத்து விநாடி இருக்கும்.

"பிழை என்ரதான், அண்ணை" என்றார் யோகண்ணையிடம். "அக்காவிட்டயும் சொல்லுங்கோ."

பிறகு அந்தக் குளிரில் வெறுங்கையால் காபரேற்றரைக் கழற்றித் துடைத்து, நுண்துளைகளைக் கம்பியால் குத்தி, ஊதி, திரும்பப் பூட்டினார். நாற்பத்தேழு நிமிடம். விரல்கள் முதலில் சிவந்து பிறகு வெளுத்தன. நாங்கள் மூவரும் சவளால் பனிச்சுவரைக் கொத்திக்கொண்டிருந்தோம். மெசின் ஓடியதும் தானே பிடித்துக்கொண்டு போய் முதலில் யோகண்ணையின் வாசலைத் திறந்தார். யோகண்ணையின் மனைவி ஒன்றரை மணி நேரம் பிந்திப் போனார். அவருடைய கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதால் பின்னேரம்வரை காத்திருந்தார். இரண்டு வருடம் கழித்து அவர் இறந்தார். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று டொக்டர்மார் சொன்னார்கள். யோகண்ணை தன் துயரத்தை அந்தக் காலையிலிருந்துதான் சொல்லத் தொடங்குவார்.

அன்று மத்தியானம் என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நீங்கள்தானே விட்டது?"

"அது கொஞ்சம்."

"இரண்டரை லீற்றர் எண்டு எனக்கு நீங்கள்தானே சொன்னியள்."

"யோகண்ணை நிண்ட நிலையைப் பாத்தனீரே? கொண்டு போட்டிருப்பார்."

"அவரைக் கொல்லலாம், உங்களைக் கொல்லக்கூடாது. அப்பிடியோ? போய்ச் சொல்லுங்கோ."

"நாளைக்குச் சொல்லுறன்."

மனைவி அதற்குப் பிறகு இதைப் பற்றிப் பேசியதில்லை. வருடப்பிறப்புக்கு இப்போது போத்தல்களை அவரே நிரப்புகிறார். என்னைக் கூப்பிடுவதில்லை.

அடுத்த சித்திரையில் அவர் வரவில்லை. போன் எடுத்தேன். "நான் இனி இந்த வேலை செய்யிறேல்லை, வாத்தியார். நீங்கள் பக்கத்தில இருந்து பாத்தனீங்கள்தானே, நீங்களே செய்யுங்கோ" என்றார். குரலில் கோபம் தேடினேன். அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு உணர்த்தத்தான் இப்படிச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். முப்பத்தொரு வீட்டுக்கும் அவரே போன் எடுத்துச் சொல்லியிருந்தார். காரணம் கேட்டவர்களுக்குக் காரணத்தையும் சொல்லியிருந்தார், மறைக்காமல். அந்த வருட முடிவில் வீட்டை விற்றுவிட்டுப் பக்கத்து நகரமான லவாலில் மகளோடு போயிருந்துவிட்டார்.

எங்கள் மெசினை நான்தான் எடுத்து வைக்கிறேன். பதினான்கு வேலையும் மனப்பாடம். பிழைத்ததில்லை. இப்போது வேறு வீடுகளிலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். "வாத்தியார் எண்ணிக்கொண்டு நிண்டாக் காணும், பிழைக்காது" என்று யோகண்ணைதான் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். சென்ற வருடம் ஒன்பது வீடு. போகாமல் இருக்கலாம். போகிறேன்.

அவரை எங்காவது காண்பேன் என்ற பயத்தில் ஐந்து வருடமாகப் பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். நான்கு பதில். முதலாவது, எனக்கு நினைவில்லை என்பது. இரண்டாவது, சொல்ல வந்தேன், நீங்கள் அதற்குள் போய்விட்டீர்கள் என்பது. மற்ற இரண்டும் அவற்றைவிடக் கேவலமானவை.

இந்தப் பங்குனியில் கண் பரிசோதனைக்கு லவாலுக்குப் போனேன். முடிந்ததும் பக்கத்துக் கடைத்தொகுதிக்குள் குளிருக்கு ஒதுங்கி நடந்தபோது, "வாத்தியார்!" என்று குரல் கேட்டது. நடைவழியோரம் உட்காரப் போட்டிருந்த ஒரு நீள வாங்கில் அவர், குளிர்க்கோட்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். எழும்பி வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். வலது கை விரல்கள் இரண்டு சரியாக மடங்கவில்லை.

மகள் இங்கே ஒரு கடையில் வேலை என்றும், அவளோடு காலையில் வந்து பின்னேரம்வரை இந்த வாங்கில் இருப்பதாகவும் சொன்னார்.

"வீட்டில இருக்கலாமே?"

"தனிய விடமாட்டாள். நான்தான் சொன்னனான், விடாதை எண்டு." சிரித்தார். "என்னை எனக்கு நம்பிக்கையில்லை, வாத்தியார். ஒரு பல்ப் மாத்தினாலும் முறுக்கினனானோ இல்லையோ எண்டு திருப்பித் திருப்பிப் போய்ப் பாக்கிறன். அடுப்பு நூத்தனானோ, கதவு பூட்டினனானோ. டொக்டர் மூளையைப் படமெல்லாம் எடுத்துப் பாத்திட்டு ஒண்டுமில்லை எண்டுறார். அவருக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியுமே, எப்ப தொடங்கினது எண்டு."

நான் முதலாவது பதிலை எடுத்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை.

"அண்டைக்கு நீங்கள் நாலு நிமிசம் எண்டு சொல்லாட்டி நான் கண்டுபிடிச்சிருக்கமாட்டன். செய்யாததைச் செய்தன் எண்டு நினைச்சுக்கொண்டு முப்பத்தொரு வீட்டில திரிஞ்சிருப்பன். பெற்றோலோட விளையாட்டில்லை. ஆரின்ரையாவது கராஜ் எரிஞ்சிருந்தா? பிள்ளையள் இருக்கிற வீடுகள். யோகண்ணை முன்னால என்னைக் காப்பாத்துவம் எண்டு நீங்கள் பூசி மெழுகியிருக்கலாம். மற்றவன் அப்பிடித்தான் செய்திருப்பான். நீங்கள் உள்ளதைச் சொன்னியள்."

மனிதர்கள் எங்கள் இரண்டு பக்கத்தாலும் பைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர் என் கையை இன்னும் விடவில்லை. நான் ஐந்து வருடமாக அடுக்கி வைத்திருந்த நான்கு பதிலும் கோபத்தோடு வரும் ஒரு மனிதருக்காக. இந்த மனிதருக்குத் தேவையானது ஒரே ஒரு வசனம். இரண்டு சொல்கூடப் போதும். சொல்லியிருந்தால் அந்த வாங்கிலிருந்து எழும்பி, அன்றைக்கே ஏதாவது ஒரு கடையில் ஒரு திருகாணி முடுக்கி வாங்கியிருப்பார்.

"உங்களுக்கு ஒரு நன்றி சொல்லவேணும் எண்டு கனநாள் நினைச்சுக்கொண்டு இருந்தனான், வாத்தியார்" என்றார்.

"அதுக்கென்ன" என்றேன்.